நாப்கின் கையில் இருக்கிறது. மாற்ற இடம் எங்கே?

நான் பணி ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு அது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மதிய உணவுக்குப் பின் அரைநாள் விடுப்புக் கேட்டு என் முன் வந்து நின்றாள். "வயிற்று வலி, டீச்சர்" என்றாள். காரணம் புரிந்தது. பீரோவிலிருந்து நாப்கின் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினேன். "அது என்கிட்டயே இருக்கு டீச்சர். மாத்துறதுக்குத்தான் இடமில்லை" என்றாள். மாணவியர் கழிப்பறைகளில் இரண்டு அடைப்பெடுத்துப் பூட்டப்பட்டிருந்தன. மூன்றாவதற்குத் தாழ்ப்பாள் இல்லை. அவளை வீட்டுக்கு அனுப்பினேன்.

மாதவிடாய்க் காலச் சுகாதாரம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அந்தப் பதில்தான் என் நினைவுக்கு வருகிறது. நம் விவாதம் பெரும்பாலும் நாப்கினோடு தொடங்கி நாப்கினோடு முடிகிறது. அதில் நாம் சாதித்தது கொஞ்சமல்ல. மலிவு விலையில் நாப்கின் தயாரிக்கும் எந்திரத்தைக் கோவை அருணாசலம் முருகானந்தம் உருவாக்கினார். 2012-இல் தமிழக அரசு 'புது யுகம்' திட்டத்தின் கீழ் ஊரகப் பகுதி வளரிளம் பெண்களுக்கு நாப்கின்களை இலவசமாக வழங்கத் தொடங்கியது. நாப்கின் மீதான 12 சதவீத ஜிஎஸ்டி 2018 ஜூலையில் நீக்கப்பட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 24 வயது வரையிலான பெண்களில் சுகாதாரமான முறைகளைப் பயன்படுத்துவோர் நாட்டளவில் 77 சதவீதம். தமிழ்நாட்டில் 98 சதவீதம். நாப்கின் என்ற சொல்லையே ஆசிரியர் அறையில் தாழ்ந்த குரலில் சொன்ன தலைமுறையைச் சேர்ந்தவள் நான். எனக்கு இது சிறிய மாற்றமாகத் தெரியவில்லை.

ஆனால், நாப்கினைக் கொடுத்துவிட்டால் பெண் குழந்தை பள்ளியில் தங்கிவிடுவாள் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் அவ்வளவாக ஆதரிக்கவில்லை. நேபாளத்தின் சித்வன் பகுதியில் மாணவியருக்கு மாதவிடாய்க் கிண்ணங்களைக் கொடுத்து நடத்தப்பட்ட ஆய்வு 2011-இல் வெளியானது. மாதவிடாயால் மாணவியர் இழந்த பள்ளி நாள், ஓர் ஆண்டில் அரை நாளுக்கும் குறைவு என்றும், கிண்ணம் கொடுத்ததால் வருகை கூடவில்லை என்றும் அது கண்டது. மாறாக, இந்தியப் பள்ளிகளில் கழிப்பறை கட்டப்பட்டதன் விளைவை ஆராய்ந்த சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் அஞ்சலி அதுகியா, அதனால் மாணவர் சேர்க்கை உயர்ந்ததைக் கண்டார். பருவமடையும் வயதுச் சிறுமியருக்குத் தனிக் கழிப்பறைதான் பயன் தந்தது என்பது அவருடைய முக்கியமான முடிவு.

சித்வன் கணக்கைப் பார்த்து, பிரச்னையே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. என் அனுபவத்தில் வருகைப் பதிவேடு காட்டாதவை பல. காலை முதல் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் மாணவியை அதில் காண முடியாது. ஆடையில் கறை பட்டிருக்குமோ என்ற அச்சத்தில், விடை தெரிந்தும் எழுந்து நிற்காதவளையும் காண முடியாது. இருவருக்கும் அன்று முழு வருகைதான்.

இலவச நாப்கினிலும் ஒரு கணக்கு இடிக்கிறது. திட்டம் தொடங்கப்பட்டபோது வகுக்கப்பட்ட அளவு, ஆண்டுக்கு 18 பொட்டலம், பொட்டலத்துக்கு ஆறு. அதாவது, மாதத்துக்கு ஒன்பது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று நாமே வகுப்பில் சொல்லித் தருகிறோம். ஐந்து நாள்களுக்கு அது இருபதை எட்டும். மீதியை வாங்க வசதியில்லாத வீட்டுப் பெண், காலையில் வைத்ததை மாலை வரை வைத்திருப்பாள். மாற்ற இடமில்லாத பள்ளியில் வசதியுள்ளவளும் அதையேதான் செய்வாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழிப்பறைகளை அடைப்பதே பல நேரங்களில் நாப்கின்தான். மூடியுள்ள குப்பைத் தொட்டி இல்லாத கழிப்பறைக்குள் பதிமூன்று வயதுப் பெண் பயன்படுத்திய நாப்கினை என்ன செய்வாள்? கையில் எடுத்துக்கொண்டு மைதானத்தைக் கடக்க மாட்டாள். கோப்பைக்குள் போட்டுவிடுவாள். குழாய் அடைத்துக்கொள்ளும், பூட்டுத் தொங்கும். ஒரு திட்டத்தின் வெற்றி மற்றொரு திட்டத்தை இப்படித்தான் முடக்குகிறது. சில பள்ளிகளில் எரியூட்டும் எந்திரம் வைத்திருக்கிறார்கள். போதிய வெப்பம் எட்டாத எந்திரத்தில் நெகிழி கலந்த நாப்கினை எரித்தால் டையாக்சின் போன்ற நச்சு வெளியாகும் என்பதால், அதைப் பெரிய தீர்வென்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

கட்டடம் கட்டுவது அரசுகளுக்கு எளிது. 2014-இல் தொடங்கிய தூய்மைப் பள்ளி இயக்கத்தின் கீழ், ஓராண்டில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான கழிப்பறைகள் கட்டப்பட்டதாக மத்திய அரசு அறிவித்தது. அவற்றில் பொதுத்துறை நிறுவனங்கள் கட்டியவற்றை 15 மாநிலங்களில் ஆய்வு செய்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், 72 சதவீதக் கழிப்பறைகளுக்குள் குழாய்த் தண்ணீர் இல்லை என்று 2020-இல் அறிக்கை தந்தார். திறப்பு விழாவுக்கு நிதி உண்டு, மறுநாள் கழுவுவதற்கு?

அந்த நிதியின் அளவைப் பாருங்கள். ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில், ஆயிரம் பேருக்கு மேல் படிக்கும் பள்ளிக்கு ஆண்டு மானியம் ஒரு லட்சம் ரூபாய். அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்குச் செலவிடப்பட வேண்டும் என்பது விதி. பத்தாயிரம் ரூபாய், தலைக்கு ஆண்டுக்குப் பத்து ரூபாய்கூட இல்லை. மீதியில் சுண்ணக்கட்டி முதல் சில்லறைப் பழுதுகள் வரை பார்க்க வேண்டும். நம் ஊரகப் பள்ளிகளின் தூய்மைப் பணியாளர் பலர் சொற்பத் தொகுப்பூதியத்தில் பகுதிநேரமாக வருபவர்கள். அவர்கள் வராத நாளில் யார் கழுவுவது என்ற கேள்விக்குச் சில பள்ளிகளில் கிடைத்த விடை, பட்டியலினக் குழந்தைகளின் கையில் துடைப்பத்தைத் திணித்த வெட்கக்கேடு.

பள்ளி மாணவியருக்கான மாதவிடாய்ச் சுகாதாரக் கொள்கையை வகுக்குமாறு 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் மத்திய அரசைப் பணித்தது. கொள்கை வகுக்கப்பட்டுவிட்டதாக மறு ஆண்டு நவம்பரில் அரசும் தெரிவித்தது. நல்லது. அடுத்த நிதிநிலை அறிக்கையில் நான் தேடப்போவது, பள்ளிக்கு ஒரு முழுநேரத் தூய்மைப் பணியாளரின் ஊதியத்துக்கான தனித் தலைப்பை. கல்வி அதிகாரிகளிடம் ஒரு கோரிக்கையும் உண்டு. ஆய்வுக்குக் காலை பத்து மணிக்கு வராதீர்கள். அப்போது எல்லாம் கழுவிவிட்டிருப்பார்கள். பிற்பகல் இரண்டரை மணிக்கு வந்து, மாணவியர் கழிப்பறைக் குழாயைத் திறந்து பாருங்கள்.