திருத்துவதற்கு முன் கேட்போம்

"அப்பா தவறாகச் சொல்லும்போது திருத்த வேண்டுமா, டாக்டர்?" நினைவாற்றல் குறைந்த முதியோரை அழைத்து வருவோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் வினா இது. பல ஆண்டுகள் நான் தயங்காமல் "ஆம்" என்றே விடையளித்து வந்தேன். அந்த விடையை மாற்றிக்கொள்ளச் செய்தவற்றுள் மருத்துவ நூல்களோடு ஒரு நாடகமும் உண்டு.

அயர்லாந்து எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டின் 'கிராப்பின் கடைசி ஒலிநாடா' 1958-ஆம் ஆண்டு லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் முதன்முதலாக நடிக்கப்பெற்றது. மேடையில் ஒரே ஒரு நடிகர், ஒரு மேசை, ஓர் ஒலிப்பதிவுக் கருவி. தம் 69-ஆம் பிறந்தநாளில் கிராப் என்னும் முதியவர், 39-ஆம் வயதில் தாமே பேசிப் பதிந்த குரலைக் கேட்கிறார். பதிவேட்டில் தாம் எழுதிய குறிப்புகள் அவருக்கே விளங்கவில்லை. அன்று தாம் பயன்படுத்திய ஒரு சொல்லின் பொருளை இன்று அகராதியில் தேடுகிறார். வாழைப்பழத்தை உண்டு, தாம் போட்ட தோலிலேயே வழுக்குகிறார். நாம் சிரிக்கிறோம், பின்னர் அச்சிரிப்பு மெல்ல அடங்கிவிடுகிறது.

இத்தகைய படைப்புகளை அபத்த நாடகம் என்பர். தமிழில் ந. முத்துசாமியின் 'நாற்காலிக்காரர்' இவ்வகையில் பேசப்படுவது. ஒழுங்கான கதையை எதிர்பார்த்து வருவோர்க்கு இவை குழப்பமாகத் தோன்றலாம். நினைவு மங்கிய ஒருவரோடு இரவைக் கழித்தவர்க்கோ இவை பழகிய காட்சிகள். கிராப்பின் அறையில் அவரைத் திருத்த ஒருவரும் இல்லை. பார்வையாளர் செய்யக்கூடியது உடனிருந்து கேட்பது மட்டுமே. எனக்கு அது பாடமாயிற்று.

அடையாளங்களை மாற்றி ஒரு நிகழ்வைக் கூறுகிறேன். கொழும்புக்குத் தோணி ஓட்டிய முதிய தண்டல் ஒருவர், நள்ளிரவில் எழுந்து, "காற்று எப்படி இருக்கிறது? புறப்பட வேண்டும்" என்பார். "தோணியை விற்று இருபது ஆண்டுகள் ஆயிற்று, அப்பா" என்று மகன் விளக்குவார். அதைச் சொல்லச் சொன்னவன் நான்தான். ஒவ்வோர் இரவும் தண்டல் தம் தோணியைப் புதிதாக இழந்தார்; ஒவ்வோர் இரவும் அழுதார். ஒருநாள் மருமகள் அருகில் அமர்ந்து, "கொழும்புக்கு என்ன சரக்கு ஏற்றுவீர்கள், மாமா?" என்று கேட்டார். பெரியவர் சரக்கையும், வாடைக்காற்றையும், பாயை இறக்கும் முறையையும் நெடுநேரம் சொல்லிவிட்டு உறங்கிப்போனார்.

இது ஏமாற்று வேலை ஆகாதா எனச் சிலர் வினவுவர். மருமகள் பொய் எதையும் சொல்லவில்லை. ஒரு வினாவைத்தான் கேட்டார். தண்டலுக்கு வேண்டியிருந்தது தேதியன்று. தாம் இன்னும் பயனுள்ள மனிதர் என்னும் உணர்வு.

இதற்கு எல்லைகளும் உண்டு. தொடக்க நிலை மறதியில் நாட்காட்டியும் கடிகாரமும் துணை செய்யும். கேட்பவர்க்கு உண்மையை மறைக்க வேண்டியதில்லை. மறதி அனைத்தும் முதுமையின் விளைவும் அன்று. தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் நினைவு தடுமாறும். இவற்றைச் சரிசெய்ய இயலும். ஓரிரு நாள்களில் திடீரெனக் குழப்பம் தோன்றினால், அது கிருமித்தொற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். அப்போது காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

வீட்டில் துயரம் இருக்க, மேடையிலும் அதைக் காண வேண்டுமா? வேண்டும் என்பதே என் கருத்து. பேணுவோர் பெரும்பாலும் தனித்தே துன்புறுகின்றனர். பெற்றோரின் செயலைக் கண்டு சிரித்துவிட்டதற்காகக் குற்றவுணர்வோடு வருந்துவோரும் உளர். ஒரு சிறு அறையில் இருபது பேர் நெருங்கி அமர்ந்து, அதே காட்சியைக் கண்டு சேர்ந்து சிரித்து, சேர்ந்து அமைதியாகும்போது, தாம் தனியர் அல்லர் என்பது அவர்களுக்கு விளங்கும். நாடகம் நோயைத் தீர்க்காது. பேணுவோரின் பொறுமைக்கு வலுவூட்டும்.

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்தது இத்தூத்துக்குடி வட்டாரத்தில்தான். பாட்டும் வசனமும் எழுதிக் குவித்த அவர், வாழ்வின் இறுதியில் பக்கவாதத்தால் பேச்சிழந்தார், 1922-இல் மறைந்தார். அவர் பிறந்த மண்ணில், முதுமையின் மறதியைச் சொல்லும் ஒருவர் நாடகங்களை மருத்துவமனைக் கூடங்களில் நடத்த இளம் நடிகர்கள் முன்வர வேண்டும். பெரிய மேடை வேண்டா. ஒரு நாற்காலியும் விளக்கும் போதும்.

அதுவரை உங்கள் வீட்டில் ஒன்றைச் செய்து பாருங்கள். இன்றிரவு அம்மா, நாற்பது ஆண்டுகளுக்கு முன் மறைந்த தம் தாயைத் தேடினால், இறந்த செய்தியை உடனே சொல்லாதீர்கள். அருகில் அமர்ந்து, "பாட்டி எப்படி இருப்பார், அம்மா?" என்று கேளுங்கள்.