60 ஷாட், 2 மில்லிமீட்டர்: ரைஃபிள் குண்டின் வடிவம் எவ்வளவு முக்கியம்?

2024 ஜூலை 28, பாரிஸ் ஒலிம்பிக். பெண்களுக்கான 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச்சுற்றில் ரமிதா ஜிண்டால் 631.5 புள்ளிகளோடு 5ஆம் இடம் பிடித்து இறுதிச்சுற்றுக்குப் போனார். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் எடுத்தது 630.7. அவருக்கு 10ஆம் இடம். முதல் 8 பேருக்குத்தான் இறுதிச்சுற்று என்பதால் அவருடைய பயணம் அங்கேயே முடிந்தது.

இருவருக்கும் வித்தியாசம் 0.8 புள்ளி. இதைத் தூரமாக மாற்றிப் பார்ப்போம். அந்த டார்கெட்டில் ஒரு வளையத்திலிருந்து அடுத்த வளையத்துக்கு 2.5 மி.மீ. எனவே 0.1 புள்ளி என்பது 0.25 மி.மீ. அப்படியானால் 0.8 புள்ளி என்பது வெறும் 2 மி.மீ. அதுவும் ஒரு ஷாட்டில் இல்லை, 60 ஷாட்டையும் கூட்டினால் வரும் வித்தியாசம்!

ஆண்களுக்கான 50 மீட்டர் ரைஃபிள் 3 பொசிஷன் போட்டியிலும் இதே கதைதான். தகுதிச்சுற்றில் ஸ்வப்னில் குசாலே 590 எடுத்து 7ஆம் இடம். ஐஸ்வரி பிரதாப் சிங் தோமர் 589 எடுத்து 11ஆம் இடம். ஒரே ஒரு புள்ளிதான் குறைவு. குசாலே அடுத்த நாளே வெண்கலம் வென்றார்.

தோற்றவர்கள் குண்டினால்தான் தோற்றார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. மூச்சு, மனநிலை, காற்று என்று எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். ஆனால் போட்டி இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது, வீரரின் கட்டுப்பாட்டில் இருக்கும் எந்த விஷயமும் சின்ன விஷயம் இல்லை. குண்டைத் தேர்ந்தெடுப்பது அப்படி ஒரு விஷயம்.

கூர்மையான குண்டுதானே நேராகப் போகும்?

பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் 10 மீட்டர் போட்டியில் பயன்படுத்தும் 4.5 மி.மீ. பெல்லட்டின் மூக்கு தட்டையானது. நடுவில் இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் பாவாடை போல விரிந்து, உள்ளே குழிவாக இருக்கும். எடை முன்னால், காற்றின் இழுவை பின்னால். இறகுப்பந்து எப்போதும் தலையை முன்வைத்துப் பறப்பதற்கும் இதுதான் காரணம்.

மூக்கு ஏன் தட்டை? காகித டார்கெட்டில் அது பஞ்சிங் மெஷின் போட்டதைப் போல வட்டமாக ஓட்டை போடும். கூர் மூக்கு காகிதத்தைக் கிழித்துவிடும், புள்ளியைச் சரியாக அளக்க முடியாது. பெரிய போட்டிகளில் இப்போது எலக்ட்ரானிக் டார்கெட் வந்துவிட்டது, ஆனாலும் தட்டை மூக்கு மாறவில்லை. 10 மீட்டருக்கு அதன் துல்லியம் போதும்.

25 மீட்டரைத் தாண்டினால் கதை மாறும். தட்டை மூக்கு காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழந்து தள்ளாடத் தொடங்கும். அதனால்தான் 50 மீட்டர் வரை இலக்கு வைக்கும் 'ஃபீல்டு டார்கெட்' ஏர் ரைஃபிள் போட்டிகளில் உருண்டை மூக்கு பெல்லட்டைப் பயன்படுத்துகிறார்கள்.

50 மீட்டரில் என்ன நடக்கிறது?

இங்கே பறப்பது 5.6 மி.மீ. விட்டமும் சுமார் 2.6 கிராம் எடையும் கொண்ட ஈயக் குண்டு. பெரும்பாலும் உருண்டை மூக்கு. பிரிட்டனின் எலி நிறுவனத்தின் டெனெக்ஸ் ரகத்தில் மூக்கின் நுனி தட்டையாக இருக்கும். இரண்டு வடிவத்திலும் உலகத் தரத்தில் சுடுகிறார்கள்.

வடிவத்தைவிட இங்கே வேகம் முக்கியம். போட்டித் தோட்டாக்கள் வேண்டுமென்றே ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே, நொடிக்குச் சுமார் 330 மீட்டரில் சுடும்படி தயாராகின்றன. ஒலியைவிட வேகமாகக் கிளம்பும் குண்டு வழியில் வேகம் குறைந்து ஒலித்தடையைக் கடக்கும்போது அலைக்கழிக்கப்படும். இந்த ரகத் தோட்டாவில் வேகம் கூடினால் பக்கக் காற்று தள்ளும் தூரமும் கூடும். 'வேகமாகப் போனால் காற்று பாதிக்காது' என்ற நம் கணிப்பு இங்கே தலைகீழ்.

சுழற்சி எதற்கு?

பம்பரம் சுற்றும் வரைதான் நிற்கும். குண்டும் அப்படித்தான். குழலுக்குள் வெட்டப்பட்ட சுருள் பள்ளங்கள் அதைச் சுழற்றிவிடுகின்றன. 50 மீட்டர் ரைஃபிளில் பொதுவாக 16 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 406 மி.மீட்டருக்கு, ஒரு முழுச் சுற்று. நொடிக்குச் சுமார் 800 சுற்று. டார்கெட்டைத் தொடுவதற்குள் குண்டு 120 முறைக்கு மேல் சுற்றிவிடும்.

இந்த 16 அங்குலம் எங்கிருந்து வந்தது? 1879இல் ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் ஒரு எளிய சூத்திரம் தந்தார். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, அதை 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். 5.6 மி.மீ. விட்டம், சுமார் 11.5 மி.மீ. நீளம் என்று போட்டால் 409 மி.மீ. வருகிறது. கிட்டத்தட்ட அதே 16 அங்குலம்!

இதே சூத்திரத்தில் நீளத்தை இரட்டிப்பாக்கினால் விடை பாதியாகிவிடும், அதாவது இரு மடங்கு சுழற்சி தேவைப்படும். நீளமான, ஒயிலான குண்டை எந்தக் குழலிலும் போட்டுச் சுட முடியாது என்பதற்குக் காரணம் இதுதான். சுழற்சி போதாவிட்டால் அது புரண்டு பறக்கும்.

100 முதல் 300 மீட்டர் வரை?

இங்கேதான் கூர் மூக்கும், பின்பக்கம் படகைப் போலக் குறுகும் 'படகு வால்' வடிவமும் வருகின்றன. பறக்கும் குண்டின் பின்னால் உருவாகும் வெற்றிடம் அதைப் பின்னோக்கி இழுக்கும். படகு வால் அந்த இழுவையைக் குறைக்கும். ஆனால் தூரம் அதிகமானால்தான் இந்த லாபம் கணிசமாகத் தெரியும்.

100, 200 கெஜம் தூரத்தில் மேசையில் தாங்குவைத்துச் சுடும் 'பென்ச்ரெஸ்ட்' போட்டிகளில் இன்றும் பலர் தட்டை அடி கொண்ட குண்டையே நம்புகிறார்கள். குழலின் வாயை விட்டு வெளியேறும் நொடியில் வாயு கடைசியாகத் தள்ளுவது குண்டின் அடிப்பகுதியைத்தான். அங்கே துளி கோணல் இருந்தாலும் குண்டு சாய்ந்துவிடும். தட்டை அடியை ஒரே சீராகத் தயாரிப்பது எளிது. நடுத்தர தூரத்தில் ஒயிலான வடிவத்தைவிடச் சீரான வடிவம்தான் கைகொடுக்கும்.

அப்படியானால் எதை வாங்குவது?

அட்டவணையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, உங்கள் குழலிடம்தான் கேட்க வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே ரகம் என்றாலும் ஒவ்வொரு லாட்டும் ஒவ்வொரு குழலில் வேறு மாதிரிச் சுடும். அதனால்தான் முன்னணி வீரர்கள் இங்கிலாந்து, ஜெர்மனியில் இருக்கும் தயாரிப்பாளர்களின் சோதனை மையங்களுக்கே ரைஃபிளைக் கொண்டுபோய், லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, பொருந்தும் லாட்டை மொத்தமாக வாங்குகிறார்கள்.

இதனால் என்ன லாபம்? 50 மீட்டர் டார்கெட்டில் குண்டின் மையம், டார்கெட்டின் மையத்திலிருந்து 8 மி.மீட்டருக்குள் விழுந்தால் 10 புள்ளி. ரைஃபிளை அசையாமல் பிடியில் பொருத்திச் சுடும்போது, ஓட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து விளிம்பு வரை 15 மி.மீ. வட்டத்துக்குள் அடிக்கும் லாட்டில், குண்டின் பிழை அதிகபட்சம் 4.7 மி.மீ. வீரரின் கை நடுக்கத்துக்கு இன்னும் 3.3 மி.மீ. மிச்சம். அதே வட்டம் 22 மி.மீ. என்றால் குண்டின் பிழையே 8.2 மி.மீ. வரை போகும். கை துளியும் ஆடாவிட்டாலும் 9 விழலாம்.

பிரச்சினை இங்கேதான். 4.5 மி.மீட்டருக்குள், 20 ஜூலுக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு இந்தியாவில் லைசென்ஸ் தேவையில்லை. அதனால் புதிதாக வருபவர்கள் பலரும் அதில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் கடையில் அன்று என்ன டின் இருக்கிறதோ அதை வாங்கிச் சுடுபவருக்கு, தப்பு தன் கையிலா, பெல்லட்டிலா என்று தெரிய வழியே இல்லை. பயிற்சியாளர் கையைத் திருத்திக்கொண்டே இருப்பார், கோளாறு டின்னில் இருக்கும்.

இதற்கு வெளிநாடு போகத் தேவையில்லை. ரைஃபிளை அசையாமல் பிடிக்கும் ஒரு பிடியும், சில ரகங்களில் சில லாட்டுகளும் ஒவ்வொரு ரேஞ்சிலும் பொதுவில் இருந்தால் போதும். அதுவரை நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரண்டு மூன்று ரகத்தில் சின்ன டின் வாங்குங்கள். தலையின் அளவு 4.49, 4.50 என்று டின்னிலேயே இருக்கும். தாங்குவைத்து, ஒவ்வொன்றிலும் 10 ஷாட் வீதம் சில முறை சுட்டு, ஓட்டைகள் எதில் நெருக்கமாக விழுகின்றன என்று ஸ்கேலால் அளந்து எழுதிவையுங்கள். ஜெயித்த டின்னின் லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை அதையே கேட்டு வாங்குங்கள்.