ஊகம், யூகம், குருட்டாம்போக்கு

"இதெல்லாம் வெறும் யூகம், பதில் சொல்ல முடியாது" என்பார் அமைச்சர். "ஊக வணிகத்தால் பருப்பு விலை எகிறியது" என்று பேப்பரில் வரும். நம்ம ஜீனோ மாதிரி ரோபோ நாய் பேசுகிற கதைக்கு ஊகப் புனைவு என்று பெயர் வைக்கிறார்கள். கான்ட் மாதிரி ஆசாமிகள் அனுபவத்தைத் தாண்டி யோசிப்பதற்கும் இதே குடும்பத்தில்தான் ஒரு பெயர். இங்கிலீஷ்காரனுக்கு இது எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே வார்த்தைதான்: ஸ்பெகுலேஷன். அவன் ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு குழம்பினா அது அவன் பாடு. அந்தக் குழப்பத்தை நாம ஏன் இறக்குமதி பண்ணிக்கணும்கிறதுதான் என் கேள்வி.

வார்த்தையின் பூர்வீகம் லத்தீன். 'ஸ்பெகுலா' என்றால் காவல் கோபுரம். அதில் ஏறி நின்று எதிரி வர்றானா, புழுதி கிளம்புதான்னு பார்ப்பதுதான் ஸ்பெகுலேஷன். ரோமானியப் படையில் வேவு பார்க்கிறவனுக்கும் இந்த வேரில் இருந்துதான் பெயர். நம்மூர்க் கணக்குல சொன்னா, தினைப்புனத்தில் பரண் கட்டி உட்கார்ந்து கிளி வருதான்னு பார்க்கிற வேலை. ஆக ஆரம்பத்தில் இந்த வார்த்தைக்கு அர்த்தம் 'பார்ப்பது'. அடிச்சு விடுவது இல்லை.

நம்ம ஊகமும் லேசுப்பட்டதில்லை. வடமொழியில் ஊகம் என்றால் காரணம் காட்டி யோசித்து அறிவது. தொல்காப்பியம் சொல்லும் முப்பத்திரண்டு உத்திகளில் 'உய்த்துக்கொண்டு உணர்தல்' ஒன்று. சொல்லாததை, சொன்னதிலிருந்து பிடிப்பது. அனுமானமும் அப்படித்தான், புகையைப் பார்த்து நெருப்பு இருக்குன்னு சொல்றது, தர்க்கத்தில் ஒரு முறையான அளவை. நாமதான் "சும்மா ஒரு அனுமானமா சொன்னேன் சார்"னு அதைத் தரைமட்டம் ஆக்கிட்டோம். (சங்கத் தமிழில் ஊகம் என்றால் கருங்குரங்கு என்றும் ஒரு அர்த்தம் உண்டு. பங்குச்சந்தை நண்பர்கள் மன்னிக்க :-))

தத்துவமும் வியாபாரமும் ஒரே ஆளிடம் சேர்ந்த கதை ஒன்று உண்டு. அரிஸ்டாட்டில் தன்னோட 'அரசியல்' நூலில் சொல்வது. தேலீஸ் என்ற கிரேக்கத் தத்துவஞானியை, "இவ்வளவு படிச்சும் காசில்லாம இருக்கியே, உன் தத்துவம் எதுக்கு உதவும்?" என்று ஊரார் கிண்டல் பண்ணினார்கள். மனுஷன் நட்சத்திரங்களைப் பார்த்து வரும் வருஷம் ஆலிவ் நல்லா விளையும்னு கணித்தார். குளிர்காலத்திலேயே மிலேட்டஸ், கியாஸ் ரெண்டு ஊரிலும் இருந்த ஆலிவ் செக்குகளுக்கு எல்லாம் சொற்பத் தொகையை அச்சாரம் கொடுத்து வளைச்சுப் போட்டார். அப்போ போட்டிக்கு ஆளே இல்லை. அறுவடை வந்ததும் செக்குக்கு ஏகக் கிராக்கி, அவர் வச்சதுதான் வாடகை. இதை ஏகபோகத்துக்கு உதாரணமாகத்தான் அரிஸ்டாட்டில் சொல்கிறார், அதனால தேலீஸ் ஒண்ணும் தர்மாத்மா இல்லை. ஆனா கவனிங்க. விளைச்சல் பொய்த்திருந்தா போவது அச்சாரம் மட்டும். இன்னிக்கு பங்குச்சந்தையில் கால் ஆப்ஷன் வாங்குவது என்கிறார்களே, அச்சு அசல் அதுதான்.

இப்போ நம்ம சட்டத்துக்கு வருவோம், தமாஷ் அங்கதான். 1961-ம் வருஷ வருமான வரிச் சட்டம் 43(5) பிரிவு, சரக்கோ பங்கோ நிஜமாகக் கைமாறாமல் கணக்கு தீர்க்கப்படும் வியாபாரத்தை ஸ்பெகுலேஷன் என்றது. காலையில் வாங்கி மாலையில் விற்பவர் அதில் வந்துவிடுவார். சரி. ஆனா 2005 நிதிச் சட்டத்தில் ஒரு விலக்கு கொடுத்தார்கள்: அங்கீகரிக்கப்பட்ட சந்தையில் நடக்கும் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஸ்பெகுலேஷன் ஆகாது! எல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகுது, பொய் நஷ்டம் காட்ட முடியாது என்பது காரணம். வரி வசூல் கோணத்தில் நியாயமாவே இருக்கலாம். ஆனா பங்கைக் கையால் தொடாமல், வியாழக்கிழமை குறியீட்டு எண் மேலயா கீழயா என்று ஆப்ஷன் வாங்குபவரின் வரிக் கணக்கில் அது 'ஸ்பெகுலேஷன் அல்லாத தொழில்'.

என் ஒன்றுவிட்ட அக்கா பையன் இதை அப்படியே பிடித்துக்கொண்டான். "மாமா, நான் சூதாடலை. ஆடிட்டரே இது பிசினஸ்னுதான் போட்டிருக்கார்." ரெண்டு வருஷ சம்பளச் சேமிப்பு போனது. கல்யாணத்துக்கு வச்சிருந்த பணம். அக்கா இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. எதைப் பார்த்து வாங்கினேன்னு கேட்டேன். டெலிகிராம் குழுவில் ஒருத்தர் தினமும் காலையில் நம்பர் கொடுப்பாராம். தேலீஸ் நட்சத்திரத்தைப் பார்த்தார், இவன் போனைப் பார்த்திருக்கிறான்.

அவன் ஒருத்தன் கதைன்னு விட முடியாது. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு: மூன்று நிதியாண்டுகளில் (2021-22 முதல் 2023-24 வரை) இந்தச் சந்தையில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அதில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், ஆளுக்கு சராசரியாக சுமார் 2 லட்சம். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். லாபம் பெருமளவு பெரிய நிறுவனங்களுக்கும் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கும் போனது, அதிலும் பெரும்பகுதி அல்காரிதம் வைத்து சம்பாதித்தது. அதாவது காவல் கோபுரம் அவர்களிடம் இருக்கு. நம்ம பசங்க கீழே புழுதியில் நிற்கிறாங்க.

உடனே "தடை பண்ணு"ன்னு கிளம்புற கோஷ்டி நான் இல்லை. ஆறு மாசம் கழித்து வரப்போகும் மஞ்சளுக்கு இன்னிக்கே ஒரு விலை உறுதியானால் விவசாயி நிம்மதியாகத் தூங்குவார். அந்த விலை ரிஸ்க்கை எடுத்துக்க எதிரே ஒருத்தன் வேணும். மழை, வரத்து, கிட்டங்கி இருப்பு எல்லாம் பார்த்துக் கணக்குப் போட்டு, தப்பானால் தன் காசை இழக்கத் தயாராக நிற்கிறானே, அவன் நிஜமான ஊக வணிகன். அவனுக்கு அந்தப் பெயர் பொருத்தம்.

டெலிகிராம் நம்பருக்குப் பணம் கட்டுவதற்கும் அதே பெயரைக் கொடுப்பதைத்தான் என்னால ஒத்துக்க முடியலை. இந்திக்காரர்கள் ரெண்டையும் 'சட்டா' என்று ஒரே கூடையில் போடுகிறார்கள், சூதுக்கும் அதுதான். நமக்கு அந்த நெருக்கடி கிடையாது. குத்துமதிப்பு இருக்கு, குருட்டாம்போக்கு இருக்கு. ஊக வணிகம், குருட்டாம்போக்கு வணிகம் என்று ரெண்டாகப் பிரித்து எழுத நான் ஆரம்பித்துவிட்டேன். கொஞ்சம் நீளம்தான். இதைவிடச் சின்னதா, நறுக்குன்னு ஒரு சொல் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, எடுத்துக்கறேன்.