பழி நீங்கியது, தீர்ப்பு நீங்கவில்லை!

தோழரே! குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, தண்டனையோ நிலைத்து நிற்கிறது. எந்த மன்னனின் கொலுமண்டபத்தில் இந்த நீதி? இலண்டன் மாநகர் ஓவல் மைதானத்திலே!

2006 ஆகஸ்ட் 20. பாகிஸ்தான் அணி பந்தைச் சேதப்படுத்திவிட்டதெனக் கூறி, 5 ஓட்டங்கள் அபராதம் விதித்தனர் நடுவர்கள் டாரல் ஹேரும் பில்லி டாக்ட்ரோவும். செய்தவன் யார்? பெயரில்லை! கையும் களவுமாகப் பிடித்தனரா? இல்லை! தேநீர் இடைவேளைக்குப் பின், உரிய நேரத்தில் களமிறங்க மறுத்தார் அணித்தலைவர் இன்சமாம் உல் ஹக். பெயில்களை அகற்றினர் நடுவர்கள். வெற்றி இங்கிலாந்துக்கு என்றனர்!

செப்டம்பரில் விசாரித்தார் ரஞ்சன் மடுகல்லே. பந்தைச் சேதப்படுத்திய குற்றம் நிலைக்கவில்லை என்றார். எனினும் ஆட மறுத்தமைக்காக இன்சமாமுக்கு 4 ஒருநாள் போட்டிகளில் தடை! 2008இல் ஆட்டம் சமன் எனத் திருத்தினர்; 2009இல் மீண்டும் இங்கிலாந்தின் வெற்றி என்றே எழுதினர்.

"ஆட வராதவன் தோற்றவன், அதுவே விதி" என்பர். இருக்கட்டும்! சான்றின்றிப் பழி சுமத்தியவருக்கு எந்த விதி? அடிபட்டவன் அலறியது குற்றமாம். அடித்த கைக்கு அதிகாரமாம்!

நடுவரை மதிப்போம், தோழரே! ஆனால் விரல் உயரும் போதெல்லாம் கேட்போம்: சான்று எங்கே?