கைவினை உலகம்: பல்லில் பிடிக்கும் நார்



இம்முறை ஒரு கூடையைப் பற்றி எழுதுகிறேன். தென் கலிபோர்னியாவில் பாம் ஸ்பிரிங்ஸ் நகரைச் சுற்றியுள்ள பாலைவனமும், சான் ஹசின்டோ, சான்டா றோசா மலைகளும் கவீயா என்னும் பழங்குடி மக்களின் பூமி. அவர்களின் பெண்கள் பரம்பரையாக முடைந்து வந்த கூடையில் ஊடும் பாவும் கிடையாது. சுருள், அவ்வளவுதான்.

மான் புல் என்ற புல்லின் நீண்ட தண்டுகளை ஒரு பிடியாகச் சேர்த்து, நடுவிலிருந்து வட்டமாகச் சுற்றிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு சுற்றையும் முந்திய சுற்றோடு நாரால் தைக்க வேண்டும். முன்பு எலும்பினாலோ முள்ளினாலோ செய்த குத்தூசியால் துளையிட்டார்கள். பின்னர் இரும்பு ஊசி வந்தது.

தைக்கும் நார் இரண்டு வகை. ஒன்று ஜங்கஸ் என்ற, கோரையைப் போன்ற செடி. அதன் அடித்தண்டு செம்பழுப்பு, மேலே போகப் போக வெளிறிய மஞ்சள். சாயம் போடாமலே ஒரே தண்டில் இத்தனை நிறம்! கறுப்பு வேண்டுமென்றால் மட்டும் சாயத்தில் ஊறவைப்பார்கள். மற்றது சுமாக் செடியின் இளங்கிளை. வெள்ளை நிறத்துக்கு அதுதான். அதை மூன்றாகக் கிழிக்க வேண்டும். ஒரு கீற்றைப் பல்லால் கடித்து, மற்ற இரண்டையும் இரு கையாலும் இழுப்பார்கள். மூன்றும் ஒரே தடிப்பில் வரவேண்டும். எனக்கென்றால் வராது.

இந்தப் பல்லில்தான் பிரச்சினை இருக்கிறது. செடி வளரும் இடங்களிலும் வீதியோரங்களிலும் களைக்கு மருந்து அடிக்கிறார்கள். அந்தச் செடியை இவர்கள் வாயில் வைக்கிறார்கள். நான் வேலை செய்யும் இடத்தில் கையுறை இல்லாமல் ஒரு போத்தலைத் தொட விடமாட்டார்கள்!

இன்னொன்று நெருப்பு. முன்னோர் புல்லை அவ்வப்போது கொளுத்திவிடுவார்கள். பழைய சருகு எரிந்து, புதிய தண்டு நேராக எழும்பும். அரசாங்கம் அதைத் தடுத்தது. கிளைவிட்டுக் கோணிய சுமாக்கை வைத்து என்ன தைப்பது?

கவீயா மூதாட்டி கத்தறின் சீவா சோபெல், லோவெல் பீன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, தம் மக்கள் பயன்படுத்திய செடிகளைப் பற்றி 1972இல் ஒரு நூல் வெளியிட்டார். 1992இல் கலிபோர்னியாவின் பல குலங்களையும் சேர்ந்த கூடை முடைவோர் ஒரு சங்கம் அமைத்தார்கள். செடி இருக்கும் நிலத்துக்குள் போக அனுமதி வேண்டும், மருந்து அடிப்பது நிற்க வேண்டும் என்பவை அவர்களின் முக்கிய கோரிக்கைகள்.

இன்று மான் புல்லைக் கலிபோர்னியாவில் வீட்டு முற்றங்களிலும் வீதியோரங்களிலும் அழகுக்காக நடுகிறார்கள். பார்க்கச் செழிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு யார் எதை அடித்தார்கள் என்று கேட்காமல் முடைபவர் அதில் கை வைக்க முடியாது.