உணவக மேசைக்கு வரும் ‘காட்’ மீன்: ஆழ்கடலைக் காப்பாற்ற யார் காசு கொடுப்பது?

குடும்பத்தோடு சீன உணவகத்துக்குப் போனால், சோயா சாஸ் ஊற்றி ஆவியில் வேகவைத்த ‘காட்’ மீன் மேசைக்கு வரலாம். வெள்ளையாக, வெண்ணெய் மாதிரி கரையும். விலையும் கொஞ்சம் கூடுதல்தான்.

ஆனால் பல நேரங்களில் அது காட் மீனே இல்லை. அதன் உண்மையான பெயர் படகோனியன் டூத்ஃபிஷ். அமெரிக்காவில் அதையே ‘சிலியன் சீ பாஸ்’ என்று விற்கிறார்கள். 1977ஆம் ஆண்டில் ஒரு மீன் வியாபாரி விற்பனைக்காக வைத்த பெயர் அது.

அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள குளிர்ந்த கடலில், 2,000 மீட்டருக்கும் கீழே வரை வாழும் மீன் இது. 1990களில் இதைச் சட்டவிரோதமாகப் பிடிப்பது உச்சத்தில் இருந்தது. இப்படியே போனால் மீனே மிஞ்சாது என்று பலர் பயந்தார்கள். இப்போது நிலைமை எவ்வளவோ மேல். என்ன மாறியது?

ஆழ்கடல் மீன் ஏன் வேறு மாதிரி?

ஒரே காரணம், அது மெதுவாக வளரும். டூத்ஃபிஷ் சுமார் 50 ஆண்டு வாழக்கூடியது. குஞ்சு பொரிக்கும் வயதுக்கு வரவே பல ஆண்டு ஆகும். நியூசிலாந்துப் பக்கம் கிடைக்கும் ஆரஞ்சு ரஃபி மீன் 100 வயதையும் தாண்டும்.

இங்கேதான் பொருளியல் நுழைகிறது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். கடலில் 1,000 டன் மீன் இருக்கிறது, அது ஆண்டுக்கு 4 விழுக்காடு பெருகுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 40 டன் மட்டும் பிடித்தால் மீன் குறையாது.

ஆனால் எல்லாவற்றையும் இப்போதே பிடித்து விற்று, அந்தப் பணத்தை 6 விழுக்காடு தரும் முதலீட்டில் போட்டால்? லாபம் அதிகம். கசப்பாக இருந்தாலும் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. கனடாவைச் சேர்ந்த கணித அறிஞர் காலின் கிளார்க் 1973ஆம் ஆண்டிலேயே இதைக் காட்டினார். மெதுவாக வளரும் உயிரினத்தை முழுசாக அழிப்பதே சில நேரங்களில் ‘லாபமான’ முடிவாகிவிடும் என்றார் அவர்.

“நான் விட்டால் இன்னொருத்தன் பிடிப்பான்”

இன்னொரு சிக்கலும் உண்டு. கடலில் உள்ள மீன் யாருக்கும் சொந்தமில்லை. ஒரு கேப்டன் பொறுப்பாக, “இந்த ஆண்டு இவ்வளவு போதும்” என்று நிறுத்தினால், அடுத்த கப்பல் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடும். அதனால் யாருமே நிறுத்த மாட்டார்கள். 1954ஆம் ஆண்டில் ஸ்காட் கார்டன் என்ற பொருளியல் அறிஞர் இதை விளக்கினார். கடைசியில் மீனும் இருக்காது, லாபமும் இருக்காது.

சரி, என்னதான் செய்தார்கள்?

அண்டார்க்டிக் கடல்வாழ் உயிர்வளங்களைப் பாதுகாக்கும் ஆணையம் 1982ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்கீழ் இயங்குகிறது. அதன் தலைமையகம் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில். அது மூன்று வேலை செய்தது.

முதலாவது, வரம்பு. முட்டையிடும் மீன்களின் அளவு 35 ஆண்டு கழித்தும், மீன்பிடி தொடங்கும் முன்பு இருந்ததில் பாதியாவது இருக்க வேண்டும். அதற்கேற்பத்தான் பிடிக்கும் அளவு முடிவாகிறது.

இரண்டாவது, கண்காணிப்பு. டூத்ஃபிஷ் பிடிக்கும் கப்பலில் அறிவியல் பார்வையாளர் ஒருவர் இருக்க வேண்டும். கப்பல் எங்கே போகிறது என்பதைத் துணைக்கோளம் மூலம் பார்ப்பார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம்: ஆவணம். 2000ஆம் ஆண்டிலிருந்து, யார் எங்கே பிடித்தார்கள் என்ற சான்றிதழ் மீனோடு சேர்ந்தே பயணிக்க வேண்டும். அமெரிக்கா, ஜப்பான் போன்ற பெரிய சந்தைகளில் அந்தத் தாள் இல்லாமல் விற்க முடியாது.

அது ஏன் முக்கியம்? துரத்திப் பிடிப்பதற்கு ஆகும் செலவைப் பாருங்கள். 2003ஆம் ஆண்டில் ‘வியார்சா 1’ என்ற கப்பலை ஆஸ்திரேலியச் சுற்றுக்காவல் கப்பல் 21 நாள், 7,000 கிலோமீட்டருக்கும் மேல் துரத்தியது. பிடித்தபோது உள்ளே 97 டன் டூத்ஃபிஷ். ஆனால் வழக்கில் ஊழியர்கள் குற்றவாளிகள் அல்ல என்று 2005ஆம் ஆண்டில் தீர்ப்பானது. அவ்வளவு செலவுக்குப் பிறகும்!

சான்றிதழ் முறைக்கு அவ்வளவு செலவில்லை. தாள் இல்லாத மீனைக் குறைந்த விலைக்குத்தான் தள்ள முடியும். திருடுவதில் லாபம் குறைந்தால், திருடப் போகிறவர்களும் குறைவார்கள்.

தேசியக் கடற்பகுதிகளில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. ஹெர்ட் தீவு அருகே ஆஸ்திரேலியா மொத்த அளவைப் பங்காகப் பிரித்துக் கொடுக்கிறது. பங்கை விற்கலாம், வாங்கலாம். மீன் பெருகினால் பங்கின் மதிப்பும் ஏறும். அதனால் “நாளைக்கு மீன் இருக்க வேண்டும்” என்ற அக்கறை மீன்பிடி நிறுவனத்துக்கே வந்துவிடுகிறது. நிர்வாகச் செலவிலும் ஒரு பகுதியை அந்த நிறுவனங்களே கட்டணமாகக் கட்டுகின்றன.

அப்போ கோட்டா இருந்தால் போதுமா?

போதாது. நியூசிலாந்து 1986ஆம் ஆண்டிலேயே கோட்டா முறையைக் கொண்டுவந்தது. ஆரஞ்சு ரஃபிக்கும் கோட்டா இருந்தது. ஆனால் அந்த மீன் எவ்வளவு மெதுவாக வளர்கிறது என்பது அப்போது சரியாகப் புரியவில்லை. கணக்கே தப்பு என்பதால் வரம்பும் தப்பானது. சேலஞ்சர் என்ற பகுதியில் மீன் அவ்வளவு சரிந்து, 2000ஆம் ஆண்டில் மீன்பிடியையே மூட வேண்டியதாயிற்று.

ஆக, உரிமை, சட்டம் இரண்டும் இருந்தும் அறிவியல் தவறினால் மீன் தப்பாது.

இப்போது என்ன சிக்கல்?

அரசியல். ஆணையத்தில் எல்லா உறுப்பினரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. 2021ஆம் ஆண்டில் தெற்கு ஜார்ஜியா தீவுப் பகுதிக்கான வரம்புக்கு ரஷ்யா சம்மதிக்கவில்லை. ஆனாலும் பிரிட்டன் 2022ஆம் ஆண்டில் உரிமங்களைக் கொடுத்தது. அந்தப் பகுதி மீனை இறக்குமதி செய்ய விடமாட்டோம் என்றது அமெரிக்கா. நல்ல நிர்வாகத்துக்கு உதாரணமாகக் காட்டப்பட்ட பகுதி அது. 2004ஆம் ஆண்டிலேயே நீடித்த மீன்பிடிச் சான்றிதழும் பெற்றது. பல ஆண்டு கட்டிய நம்பிக்கையை ஒரே ஒரு மறுப்பு ஆட்டிவிட்டது.

இதில் நமக்கு என்ன?

சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்துதான் வாங்குகிறது. நம் தட்டில் இருப்பது எந்தக் கடலிலிருந்து வந்தது என்பது நமக்கும் ஒரு கேள்விதான். 2023ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் நிறைவேறிய பெருங்கடல் ஒப்பந்தப் பேச்சுக்குத் தலைமை தாங்கியதும் ஒரு சிங்கப்பூரர், ரீனா லீ. ஆனால் அந்த ஒப்பந்தம் வந்த பிறகும், எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்ற முடிவு இத்தகைய ஆணையங்களின் கையில்தான் இருக்கிறது.

வரம்பு, பார்வையாளர், சான்றிதழ் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. அதில் ஒரு பகுதி நாம் கட்டும் பில்லில் சேர்ந்துவிடுகிறது. அடுத்த முறை ‘காட்’ மீன் ஆர்டர் செய்யும்போது, அது உண்மையில் என்ன மீன், எங்கே பிடித்தது என்று கேட்டுப் பாருங்கள். சில நேரம் பதில் கிடைக்காது. ஆனால் வாடிக்கையாளர் யாருமே கேட்காத சந்தையில், தாள் இல்லாத மீனுக்கும் தாள் உள்ள மீனுக்கும் விலை ஒன்றாகிவிடும். அப்போது ஒழுங்காகப் பிடிப்பவருக்குத்தான் நட்டம்.