பால் மறுக்கும் பச்சிளங் குழந்தை

இலக்கியம் பேசும் இவ்விடத்தில் மருத்துவத்திற்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் வினவக்கூடும். வினவட்டும். பிள்ளைத்தமிழைப் பாடம் நடத்தும் நாம் காப்புப் பருவத்தைக் குழந்தையின் மூன்றாம் திங்களில்தான் தொடங்குகிறோம். அதற்கு முந்தைய இரண்டு திங்களைப் பற்றி அவ்விலக்கியம் வாய் திறப்பதில்லை. புலவர்கள் மருத்துவக் காரணம் கருதியே அவ்வாறு செய்தனர் என்று நிறுவ நாம் வரவில்லை. அப்படி நிறுவுவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. ஆனால் குழந்தை மருத்துவரும் முதல் 60 நாள்களைத் தனியே பிரித்து வைத்துத்தான் பார்க்கிறார்.

காரணம் உண்டு. இரண்டு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், அது விளையாடுகிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா என்பதைக் கொண்டே பாதி முடிவுக்கு வந்துவிடலாம். இருபது நாள் குழந்தைக்கு முகம் பார்த்துச் சிரிக்கவே தெரியாது. மூளைக்காய்ச்சலில் பெரியவர்க்குக் கழுத்து விறைக்கும்; பச்சிளங் குழந்தைக்குப் பெரும்பாலும் விறைப்பதில்லை. காய்ச்சலோடு வரும் இவ்வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர்க்கு வைரஸ் தொற்றே, தானே தணிந்துவிடும். ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்குப் பாக்டீரியாத் தொற்று இருக்கும். அதிலும் சிறுநீர்த் தொற்றே மிகுதி. இரத்தத்திலோ மூளையுறையிலோ கிருமி புகுந்திருப்பது மிகச் சிலரிடமே. அந்தச் சிலரும் முதல் சில மணி நேரம் மற்றக் குழந்தைகளைப் போலவே தோன்றுவர் என்பதுதான் சிக்கல்.

முன்பெல்லாம் அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் இத்தகைய குழந்தைகள் அனைவரையும் உள்நோயாளியாகச் சேர்த்து, எல்லாச் சோதனையும் செய்துவிடுவார்கள். யாரை வீட்டிற்கு அனுப்பலாம் என்று பிரித்தறிய 1985-இல் ராச்செஸ்டர் அளவுகோல் வந்தது. 1990-களில் பாஸ்டனும் பிலடெல்பியாவும் தத்தம் அளவுகோல்களைத் தந்தன. 2021-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வெளியிட்ட வழிகாட்டி, 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலுடன் வரும், பார்வைக்கு நலமாகவே தோன்றும் நிறைமாதக் குழந்தைகளை நாள் கணக்கில் மூன்றாகப் பகுக்கிறது. 8 முதல் 21 நாள் வரை தயக்கமே இல்லை: சிறுநீர், இரத்தம், தண்டுவட நீர் மூன்றையும் சோதித்து, மருத்துவமனையில் சேர்த்து, ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். 22 முதல் 28 நாள் வரை புரோகால்சிடோனின் முதலிய இரத்தக் குறிகளும் முடிவில் பங்கு பெறுகின்றன. 29 முதல் 60 நாள் வரை எல்லாம் சரியாக இருந்தால் முதுகில் ஊசி வேண்டாம். வீட்டில் வைத்துக் கவனித்து, மறுநாள் மீண்டும் காட்டினால் போதும்.

இதை அப்படியே நம் நாட்டிற்குப் பெயர்த்து நடலாமா என்பதில் நமக்கு ஐயம் உண்டு. தில்லியின் மூன்று மருத்துவமனைகளில் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வில், பிறந்த குழந்தைகளின் இரத்தத்தில் முதலிடம் பெற்றவை அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா என்னும் கிருமிகள். அவற்றுள் பல, வழக்கமான மருந்துகளுக்கு அடங்காதவை. கிருமி வேறு, மருந்து வேறு, மறுநாள் மீண்டும் வருவதற்கான பேருந்தும் வேறு.

நம்மைப் பெரிதும் கவர்ந்தது கட்சிரோலி. மகாராட்டிரத்தின் அம்மாவட்டத்தில் மருத்துவர் அபய் பாங்கும் குழுவினரும், ஆய்வகம் ஏதுமற்ற 39 சிற்றூர்களில், பயிற்சி பெற்ற ஊர்ப்பெண்களைக் கொண்டே பிறந்த குழந்தைகளைக் கவனித்தனர். அழுகை மெலிந்துவிட்டதா, கைகால் துவண்டுவிட்டதா, பால் குடிப்பதை நிறுத்திவிட்டது என்று தாய் சொல்கிறாளா என்பனவே அவர்களது அளவுகோல். தாய் சொல்வது அங்கே சான்றாகவே எண்ணப்பட்டது! 1999-இல் லான்செட் இதழில் வந்த முடிவுப்படி, குருதித் தொற்று கண்ட குழந்தைகளில் இறந்தோர் விழுக்காடு 16.6-இலிருந்து 2.8-ஆகக் குறைந்தது. நம் அரசுப் பணியாளர் பயன்படுத்தும் கையேட்டிலும் இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குப் பால் குடிக்க இயலாமை, வலிப்பு, நிமிடத்திற்கு 60-உம் அதற்கு மேலும் மூச்சு, நெஞ்சு ஆழமாக உள்வாங்கல், அசைவு குன்றல் ஆகியவை அபாயக் குறிகள். அக்குளில் 37.5 டிகிரியும் அதற்கு மேலும் சூடு இருந்தாலும் அபாயம், 35.5-க்குக் கீழே குளிர்ந்தாலும் அபாயம். இந்த இரண்டாவதை நம் வீடுகளில் பலர் அறியார். உடம்பு சில்லிட்டால் காய்ச்சல் விட்டதென்று மகிழ்கிறோம்.

இனி நம் துறைக்கு வருவோம். ‘துவண்டு கிடக்கிறது’, ‘சவலையாய் அழுகிறது’, ‘மார்பை எடுக்கமாட்டேன் என்கிறது’ என்று நம் தாய்மார் வைத்திருக்கும் சொற்கள் மேற்சொன்ன குறிகளுக்கு எவ்வளவு நெருக்கமானவை! ஆனால் அதே வீட்டில் ‘மாந்தம்’, ‘சீர்’ என்னும் சொற்களும் உண்டு. இவற்றுள் ஒன்று காய்ச்சலின் மேல் விழுந்துவிட்டால் உரைமருந்து, மந்திரிப்பு என்று ஓரிரவு கழிந்துவிடும். ஆறாம் வாரத்தில் ‘தடுப்பூசிக் காய்ச்சல்தானே’ என்பதும் அவ்வகையே. அது பெரும்பாலும் உண்மைதான். ஆயினும் குழந்தை பால் மறுத்தால் அவ்விளக்கம் செல்லாது. மாந்தம் என்ற சொல்லைப் பழிக்கவில்லை நாம். அது நோயைச் சுட்டுவதற்குப் பதிலாக விசாரணையை முடித்துவைக்கிறதே என்பதுதான் நம் குறை.

மருத்துவர் பக்கமும் பிழை உண்டு. முதுகுத் தண்டில் ஊசி என்றதும் குடும்பமே கையொப்பமிட மறுத்துக் குழந்தையைத் தூக்கிச் செல்வது நடக்கிறது. கால் விளங்காமல் போகும் என்பது அச்சம். தண்டுவடம் முடியுமிடத்திற்குக் கீழே ஊசி செல்கிறது, எடுப்பது சில துளி நீரே, மூளையுறையில் தொற்று இருக்கிறதா என்று உறுதியாக அறிய வேறு வழியில்லை என்று மூன்று தொடர்களில் சொல்லிவிடலாம். நாம் கண்ட ஒப்புதல் படிவங்கள் சிலவற்றில் இவற்றுள் ஒன்றுகூடத் தமிழில் இல்லை. ஓரிடத்தில் இருந்த தமிழோ, தமிழாசிரியர்க்கே உரை தேவைப்படும் தமிழ். நள்ளிரவில், பத்து நாள் குழந்தையை மடியில் வைத்திருக்கும் பாட்டியிடம் அதை நீட்டி என்ன பயன்? அப்படிவத்தை அப்பாட்டிக்கு விளங்குமாறு எழுதித்தரத் தமிழ்த்துறை மாணவர் பத்துப் பேர் போதும். மருத்துவர் ஒருவர் உடனிருந்து திருத்தினால் ஒரு வாரத்தில் முடியும் வேலை.